சிலுவை செய்யும் தச்சன்: கிரீட் தீவு நாட்குறிப்பு

சனி, ஹெராக்லியோன்

மதகுருமார்கள் தண்டிக்கத் துடித்த ஓர் எழுத்தாளரின் பெயரைத்தான் கிரீட் தீவின் பெரிய விமான நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள். நிக்கோஸ் கசான்ட்சாகிஸ். ஏதென்ஸில் ஏறி ஒரு மணி நேரம் ஆவதற்குள் இறங்கிவிட்டோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காய்ந்த மலை. ஜூன் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆனால் தூத்துக்குடி வெயில்போல உடம்பில் பிசுபிசுக்கவில்லை. நிழலுக்குள் ஒதுங்கினால் போதும், சுகமாக இருக்கிறது.

நானும் அக்காவும் வந்திருக்கிறோம். இந்த வருஷம் அக்கா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். அம்மா போன பிறகு தம்பி தங்கைகளை வளர்த்தது, வீட்டைப் பார்த்துக்கொண்டது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், அதாவது மறைக்கல்வி, சொல்லிக் கொடுத்தது எல்லாம் அவள்தான். வெளிநாடு என்று அவள் கிளம்பியதே இப்போதுதான்.

என் பையில் இருப்பது ஒரே ஒரு நாவல்: கசான்ட்சாகிஸ் எழுதிய 'த லாஸ்ட் டெம்ப்டேஷன்', 1960இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு. இயேசுவைப் பற்றியது. 1954இல் வத்திக்கான் இதைத் தன் தடை நூல் பட்டியலில் சேர்த்தது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைக்குள்ளும் இவரைத் தண்டிக்க வேண்டும் என்று பெரிய சத்தம் எழுந்தது. வாங்கி ரொம்ப நாளாகியும் ஊரில் வைத்து இதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் திரு இருதயப் படத்துக்குக் கீழேதான் எல்லாரும் உட்கார்ந்து வாசிப்போம், பேசுவோம், சண்டை போடுவோம். இந்தப் புத்தகத்தை அதை எழுதியவரின் மண்ணில் வைத்து, அவசரமில்லாமல் வாசிக்க வேண்டும் என்று ஆசை.

"என்னட்டி அது, இவ்வளவு தடியா?" என்றாள் அக்கா. சொன்னேன்.

"அந்தப் படம் வந்தப்போ பாக்கக்கூடாதுன்னு பிரசங்கத்துலயே சொன்னாங்கல்லா. நீ வாசி. எனக்கு வேண்டாம்."

மார்ட்டின் ஸ்கோர்செஸி 1988இல் எடுத்த படத்தைச் சொல்கிறாள். அந்த வருஷம் பாரிஸில் அந்தப் படம் ஓடிய ஒரு திரையரங்குக்கே தீ வைத்தார்கள், பலர் காயப்பட்டார்கள். எங்கோ நடந்த அந்தக் கோபம் எங்கள் ஊர்ப் பிரசங்க மேடை வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

ஞாயிறு, ஹெராக்லியோன்

காலையில் மினாஸ் பேராலயம். 1862இல் கட்ட ஆரம்பித்து 1895இல் முடித்த பெரிய கோயில். இந்த ஊரின் பாதுகாவலர் மினாஸ்தான். ஆர்த்தடாக்ஸ் வழிபாடு அக்காவுக்குப் புதிது. நின்றபடியே பாட்டு, சாம்பிராணி, மறுபடி பாட்டு. வாசலில் மெல்லிய தேன்மெழுகுத் திரிகள் அடுக்கியிருந்தார்கள். காசு போட்டுவிட்டு ஒன்றை எடுத்து, பற்றவைத்து, மணல் நிரப்பிய தட்டில் குத்தி வைக்கிறார்கள். அக்கா முன்னால் நின்ற கிழவியைப் பார்த்துப் பார்த்து அவர் செய்வதையே செய்தாள். திரி சாய்ந்தது. கிழவி அதை நிமிர்த்திவிட்டு, அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இதே கோயிலில்தான் 1957 நவம்பர் 5 அன்று கசான்ட்சாகிஸின் அடக்கப் பூசை நடந்தது. அவர் இறந்தது ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில், அக்டோபர் 26. ஏதென்ஸில் உடலை மக்கள் பார்வைக்கு வைக்க அங்குள்ள பேராயர் சம்மதிக்கவில்லை. அதனால் சொந்த ஊருக்கே கொண்டுவந்தார்கள். அவரைச் சபையை விட்டே நீக்கிவிட்டார்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். உண்மையில் அப்படி நடக்கவில்லை. முயற்சி நடந்தது, அவ்வளவுதான். நீக்கியிருந்தால் இந்தக் கோயிலுக்குள் அவர் உடல் வந்திருக்குமா?

சாயங்காலம் கல்லறைக்குப் போனோம். பழைய வெனிஸ்காரர்கள் கட்டிய கோட்டைச் சுவர் ஊரைச் சுற்றி இன்னும் நிற்கிறது. அதன் தென்பக்கத்தில் மார்த்தினெங்கோ கொத்தளம். மேலே ஏறினால் புல்தரை, நடுவே கரடுமுரடான கற்கள், அதன்மேல் இரண்டு கழிகளைச் சேர்த்துக் கட்டிய மரச்சிலுவை. சாயமில்லை, பூ வேலைப்பாடில்லை. பெயரும் பெரிதாக இல்லை. கல்லில் அவருடைய மூன்று சிறிய வரிகள்: எதையும் எதிர்பார்க்கவில்லை, எதற்கும் பயப்படவில்லை, விடுதலை பெற்றவன்.

ஊர்க் கல்லறையில் இடம் தரவில்லை, அதனால்தான் இங்கே புதைத்தார்கள் என்கிறார்கள் சிலர். இல்லை, நகரமே மரியாதை செய்து கோட்டைமேல் இடம் கொடுத்தது என்கிறார்கள் வேறு சிலர். எப்படியானாலும், இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இருக்க முடியாது. வடக்கே கடல், தெற்கே யுக்தாஸ் மலை. மல்லாந்து படுத்திருக்கும் ஒரு முகம் என்று அந்த மலையைக் காட்டுவார்கள். நெற்றி, மூக்கு, தாடி எல்லாம் தெரிகிறது.

அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு முணுமுணுவென்று ஜெபித்தாள். யாருக்காக என்றேன். "இறந்தவங்க எல்லாத்துக்கும்தான்" என்றாள்.

நான் அங்கே நின்று நம்மூரை நினைத்துக்கொண்டேன். 'மாதொருபாகன்' நாவலுக்காக நெருக்கி, எழுத்தாளன் செத்துவிட்டான் என்று பெருமாள்முருகனையே அறிவிக்க வைத்தது 2015 ஜனவரியில். எழுத்தாளர் உயிர்த்தெழட்டும், எழுதட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது 2016 ஜூலையில். கேரளத்திலும் ஒன்று நடந்தது. இதே கசான்ட்சாகிஸ் நாவலைத் தழுவி பி. எம். ஆன்டணி எழுதிய மலையாள நாடகத்தை 1980களில் தடை செய்தார்கள். இந்தக் கோட்டைச் சுவர் அவ்வளவு தூரத்தில் ஒன்றும் இல்லை.

திங்கள், மாத்தலா

பேருந்தில் தெற்குக் கரைக்குப் போனோம். வழியெல்லாம் ஒலிவ மரங்கள். மாத்தலா சின்ன வளைகுடா. ஒரு பக்கப் பாறை முழுக்கக் குகைகள். ரோமானியர் காலத்தில் கல்லறையாக இருந்தவை அவை. 1960களில் உலகம் முழுவதிலுமிருந்து ஹிப்பிகள் வந்து அதற்குள் குடியிருந்தார்கள். எதிரே லிபியக் கடல். அந்தக் கரையில் ஆப்பிரிக்கா.

மர நிழலில் ஒரு இருக்கையைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். அக்கா முழங்கால் வரைக்கும் தண்ணீரில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

நாவலின் முதல் அடி கடைசியில் இல்லை, ஆரம்பத்திலேயே விழுகிறது. நாசரேத் ஊரில் ஒரு தச்சன். ரோமானியர்கள் கலகக்காரர்களைச் சிலுவையில் அறைய வேண்டும். சிலுவை செய்துதர ஊரில் ஒரு தச்சனும் ஒத்துக்கொள்ளவில்லை. இவர் மட்டும் செய்து கொடுக்கிறார். தன் சொந்த ஜனத்தைக் கொல்லும் மரத்தை இயேசு இழைக்கிறார்! ஏன்? கடவுள் தன்னை விடாமல் துரத்துகிறார். இப்படி ஒரு பாவத்தைச் செய்தால் வெறுத்துப்போய் விட்டுவிடுவார் என்ற எண்ணத்தில். ஊரே காறித் துப்புகிறது. யூதாஸ் சிவந்த தாடிக்காரக் கொல்லன், விடுதலைப் போராளி. அவன் இவரைக் கொல்லவே பார்க்கிறான்.

புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பதினான்கு நிலைகளுக்கும் முழங்கால் போட்டு வளர்ந்தவள் நான். சிலுவைப்பாதையில் அந்த மரத்தை யார் செய்தார்கள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஒரு தச்சன் செய்திருப்பான். அவனுக்கும் வீடு, கூலி, அம்மா எல்லாம் இருந்திருக்கும். கசான்ட்சாகிஸ் அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, யாரை அறைந்தார்களோ அவரையே அந்த இடத்தில் நிறுத்துகிறார். ஒரு நாவலாசிரியர் செய்யக்கூடிய துணிச்சலான காரியம் இது. மற்ற சர்ச்சையெல்லாம் எனக்கு இதற்கு அப்புறம்தான்.

அடுத்தது மதலேன் மரியாளின் முற்றம். மக்தலா ஊரில் அவள் வீட்டு வாசலில் பல தேசத்து வணிகர்கள் முறைக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். இயேசுவும் அந்த வரிசையில் உட்கார்கிறார், பொழுது சாயும் வரைக்கும். அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார். படத்தை எதிர்த்தவர்கள் இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வாசித்தால் அதில் கிளுகிளுப்பு எதுவும் இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை தன்னால் கெட்டுப்போனது என்று நம்புகிற ஒருவர், அவள் படும் அவமானத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கப் பார்க்கிறார். அவ்வளவுதான் காட்சி.

அக்கா ஈரக் காலோடு வந்து உட்கார்ந்தாள். "கதையச் சொல்லு. வாசிக்கமாட்டேன், கேட்டுக்கிடுதேன்."

சொன்னேன். சிலுவை செய்யும் இடத்தில் முகம் சுருங்கியது, ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. "மாதா என்ன செய்தாங்க?" என்றாள்.

நாவலில் மாதா ஒரு தாய். மகன் தீர்க்கதரிசியாக வேண்டாம், புனிதராக வேண்டாம், எல்லார் பிள்ளையும்போலக் கல்யாணம் செய்து குழந்தை குட்டியோடு இருந்தால் போதும் என்று அழுகிறாள். அவள் கணவர் சூசையப்பர் கல்யாண நாளிலேயே இடி தாக்கி முடங்கிக் கிடக்கிறார். வாய் திறந்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அந்த வீட்டில் அவள் தனி ஆள்.

"இது சரிதான்" என்றாள் அக்கா. "எந்தத் தாய் பிள்ள சாவட்டும்னு நினைப்பா?"

மத்தியானம் தாக்கோஸ் சாப்பிட்டோம். கல்போல இருக்கும் பார்லி ரொட்டியில் தண்ணீர் தெளித்து, துருவிய தக்காளியை அள்ளிப்போட்டு, மேலே வெள்ளைப் பாலாடைக்கட்டியை உதிர்த்து, ஒலிவ எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கொடுக்கிறார்கள். முதல் கடியில் மேலே சாறு, அடியில் கடுக்கென்ற ரொட்டி. சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலே சின்னக் குப்பியில் ராக்கி என்ற சாராயமும் தர்ப்பூசணித் துண்டுகளும் வந்தன. அதற்குக் காசு வாங்குவதில்லை. அக்கா தர்ப்பூசணியோடு நிறுத்திக்கொண்டாள்.

செவ்வாய், மிர்த்தியா

ஹெராக்லியோனுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சின்ன ஊர். பழைய பெயர் வர்வாரி. கசான்ட்சாகிஸின் அப்பா வழிச் சொந்த ஊர் இது. 1983இல் இங்கே அவருக்கு ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள், பல மொழிகளில் வந்த பதிப்புகள். நாடக உடைகளும் இருக்கின்றன.

அவர் பிறந்தது 1883இல், தீவு ஒட்டோமான் ஆட்சியில் இருந்தபோது. 1897 கலவரத்தில் குடும்பம் நாக்சோஸ் தீவுக்குத் தப்பி ஓடியது. அங்கே பையனைச் சேர்த்தது பிரெஞ்சு கத்தோலிக்கத் துறவிகள் நடத்திய பள்ளியில். பிற்காலத்தில் எந்தத் திருச்சபை இவர் புத்தகத்தைத் தடுத்ததோ அதன் பிள்ளையாகவும் கொஞ்ச காலம் வளர்ந்திருக்கிறார். தடை வந்தபோது அவர் வத்திக்கானுக்கு லத்தீனில் ஒரே வரி தந்தி அடித்தார். ஆண்டவரே, உமது நீதிமன்றத்தில் முறையிடுகிறேன் என்று பொருள். ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியனின் வரி அது. அவர்கள் பாடம் படித்த புத்தகத்திலிருந்தே எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். கடவுளை நம்பாத ஒருவருக்கு இப்படி ஒரு தந்தி அடிக்கத் தோன்றாது.

சதுக்கத்தில் காப்பி. அடியில் வண்டல் தங்கும் சின்னக் கோப்பை, கூடவே ஒரு குவளைக் குளிர்ந்த தண்ணீர். கிழவர்கள் நிழலில் உட்கார்ந்து பாசிமணியை உருட்டிக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். ஒருவர், இந்தியாவா என்று கேட்டுவிட்டு எங்கள் காப்பிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டார். எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை. வெளியூர்க்காரருக்கு வாங்கிக் கொடுப்பது இங்கே வழக்கம்.

புதன், ஹெராக்லியோன்

தீத்து கோயிலுக்கு அக்காதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். பைபிளில் பவுல் எழுதிய கடிதம் பெற்ற அதே தீத்து. கிரீட் தீவின் முதல் ஆயர் என்பது மரபு. இப்போது நிற்கும் கட்டடம் ஒட்டோமான் காலத்தில் மசூதியாகக் கட்டியது, 1925இல் கோயிலானது. உள்ளே ஒரு பேழையில் புனிதரின் மண்டையோடு. 1669இல் தீவைவிட்டுப் போகும்போது வெனிஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போனதை 1966இல் திருப்பிக் கொடுத்தார்கள். வத்திக்கான் தன் தடை நூல் பட்டியலையே எடுத்துவிட்டதும் அதே 1966இல்தான்.

"தீத்து கடிதத்துல இந்த ஊர்க்காரங்களப் பத்தி என்ன எழுதிருக்கு தெரியுமா?" என்றாள் அக்கா. ஞானோபதேச டீச்சரிடம் தோற்பதில் வெட்கமில்லை. கிரேத்தர் எப்போதும் பொய்யர்கள் என்று அவர்களிலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார், அது உண்மைதான் என்று பவுல் எழுதுகிறார். அந்த ஒருவர் எபிமெனிடிஸ் என்பது பழைய மரபு.

எதற்காக அந்தப் பட்டம்? கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக் கவிஞர் கலிமாக்கஸ் காரணம் சொல்கிறார். கிரீட்காரர்கள் ஜீயஸ் கடவுளுக்கே ஒரு கல்லறை காட்டினார்கள். நீ சாகவில்லையே, நீ என்றைக்கும் இருப்பவன் ஆயிற்றே, பொய்யர்கள் இவர்கள் என்று அவர் பாட்டில் கோபிக்கிறார். அந்தக் கல்லறை இருந்ததாகச் சொல்லும் இடம் யுக்தாஸ் மலை. ஞாயிற்றுக்கிழமை கொத்தளத்தில் நின்று பார்த்த அதே முகம் ஜீயஸின் முகம் என்றுதான் இங்கே சொல்கிறார்கள். கடவுளுக்கும் சாவு உண்டு என்று சொன்னதற்காக ஈராயிரம் வருஷத்துக்கு மேலாகத் திட்டு வாங்கிய தீவு இது. கசான்ட்சாகிஸ் அந்தப் பரம்பரையில் வந்தவர் என்று எனக்குப் படுகிறது.

பவுல் நாவலிலும் வருகிறார். இன்று காலையில்தான் அந்தப் பக்கங்களை முடித்தேன். கதைப்போக்கைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிலுவையில் 'ஏலி, ஏலி', என் கடவுளே, என் கடவுளே என்று கதறுகிறார் இயேசு. வாக்கியம் முடிவதற்குள் மயங்குகிறார். கண் திறந்தால் சிலுவை இல்லை. காவல் சம்மனசு, அதாவது காவல் தூதர், பக்கத்தில் நிற்கிறது. நீ பட்டதெல்லாம் கனவு, வா என்று கூட்டிப்போகிறது. மதலேனைக் கட்டுகிறார், அவள் செத்துப்போகிறாள். லாசரின் சகோதரிகள் மார்த்தாள், மரியாளோடு குடித்தனம் நடத்துகிறார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தச்சுப் பட்டறை, முதுமை. அப்போது ஒரு நாள் பவுல் வருகிறார். சிலுவையில் இறந்து உயிர்த்தவரைப் பற்றி ஊர் ஊராகப் பிரசங்கம் செய்கிறவர். நான்தான் அது, நான் சாகவே இல்லை என்கிறார் கிழவர் இயேசு. பவுலுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. உலகத்துக்குத் தேவை சிலுவையில் அறையப்பட்டு எழுந்த ஒருவர்; நீ செத்தாயா இல்லையா என்பது முக்கியமில்லை, அவரை நான் உண்டாக்கிக்கொள்வேன் என்கிறார்.

திருச்சபைகள் கோபப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் இதுதான். கல்யாணமும் கட்டிலும் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் எதிர்த்த கூட்டம் பவுலைப் பற்றிப் பேசியதாக நான் எங்கேயும் வாசித்ததில்லை.

அக்காவிடம் இதையும் சொன்னேன், தீத்து கோயில் வாசல் படியிலேயே உட்கார்ந்து. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "பவுல் அப்படிச் சொல்லமாட்டாரு" என்றாள்.

"இது கனவுக்குள்ள வர்ற பவுல், அக்கா."

"கனவுல வந்தாலும் சொல்லமாட்டாரு."

வியாழன், ஹானியா

மேற்கே பேருந்துப் பயணம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வெள்ளை மலைகள். வெனிஸ்காரர்களின் பழைய துறைமுகம், அதன் முனையில் கலங்கரை விளக்கம். கூட்டமான கூட்டம். இரவு எட்டரை வரை வெளிச்சம். மீன் நன்றாக இருந்தது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

வெள்ளி, ஸ்தாவ்ரோஸ்

ஹானியாவிலிருந்து கொஞ்ச தூரம். குதிரைலாடம்போல வளைந்த கரை, முழங்கால் ஆழத் தண்ணீர், எதிரே செங்குத்தாக ஒரு மலை. கசான்ட்சாகிஸின் இன்னொரு நாவலில் இருந்து எடுத்த 'ஸோர்பா' படத்தின் கடைசி நடனத்தை 1964இல் இங்கேதான் எடுத்தார்கள். உலகம் முழுக்க இவரை அறிந்தது அந்த நடனத்தால்தான். சாப்பிடு, குடி, ஆடு என்று அழைக்கும் எழுத்தாளர் என்று. நாற்காலிகளும் நிழற்குடைகளும் போட்ட கடற்கரை முழுக்க இன்று அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

அந்த மனிதர்தான் இந்த நாவலையும் எழுதினார். கடைசி அத்தியாயங்களை இங்கே வைத்து இரண்டாவது முறை வாசித்தேன். கனவுக்குள் இயேசுவுக்குக் காவல் சம்மனசு கொடுப்பது என்ன? நிழல். ரொட்டி. பழம். பக்கத்தில் ஒரு பெண், முற்றத்தில் பிள்ளைகள், சாயங்காலம் வாசலில் உட்கார நேரம். நாங்கள் இந்தத் தீவில் அனுபவித்த அத்தனையும். நாவலின் முடிவில் அந்தச் சம்மனசு யாரென்று தெரிகிறது. சாத்தான். வயதான சீடர்கள் வருகிறார்கள், யூதாஸ் வந்து முகத்துக்கு நேரே துரோகி என்கிறான். கிழவர் கத்துகிறார், விழித்துக்கொள்கிறார். சிலுவையில்தான் இருக்கிறார். விட்ட வாக்கியம் முடிகிறது: லெமா சபக்தானி, ஏன் என்னைக் கைவிட்டீர். அத்தனை வருஷ வாழ்க்கையும் ஒரு கதறலின் நடுவே ஓடி முடிந்திருக்கிறது. சோதனைக்கு அவர் விழவில்லை. நான் மகிழ்ச்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பொதுக் கடற்கரை என்றுகூடப் பார்க்காமல்.

கடவுளை அவமானப்படுத்திய புத்தகமா இது? பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் நான் கேட்ட எந்தப் பிரசங்கமும், சிலுவையில் இருப்பதை அவர் ஒவ்வொரு நொடியும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது என்று எனக்கு இப்படிச் சொன்னதில்லை. இறங்கிப்போக வழியில்லாதவர் அங்கே இருப்பதில் என்ன பெருமை? இறங்கிப்போய், வாழ்ந்து, கிழவனாகி, திரும்பி வந்தவர் இவர். முன்னுரையிலேயே கசான்ட்சாகிஸ் தெளிவாகச் சொல்கிறார்: இது வாழ்க்கை வரலாறு இல்லை, போராடும் ஒவ்வொரு மனிதனின் பாவசங்கீர்த்தனம், ஒப்புதல் வாக்குமூலம். தடை போட்டவர்கள் கனவைக் கொள்கையாக வாசித்துவிட்டார்கள்.

யூதாஸ் வரும் இடத்தை அக்காவுக்கு வாசித்தே காட்டினேன். காட்டிக்கொடுக்கச் சொல்லி யூதாஸைக் கெஞ்சுவது இயேசுவே. நீராக இருந்தால் செய்வீரா என்று அவன் கேட்கிறான். என்னால் முடியாது, அதனால்தான் கடவுள் எனக்கு இரங்கி, சுலபமான வேலையைக் கொடுத்தார், சிலுவையில் சாவதை என்கிறார் இயேசு. அக்கா அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். யூதாஸுக்காக நம் கோயில்களில் யாரும் பூசை வைப்பதில்லை என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு இரக்கத்தை எந்த ஞானோபதேச வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

ஆனால் எனக்கு இந்த நாவலோடு ஒரு சண்டை இருக்கிறது. அது திருச்சபை போட்ட சண்டை இல்லை. கனவில் மதலேன் இறந்ததும் சம்மனசு இயேசுவைத் தேற்றுகிறது: உலகத்தில் இருப்பது ஒரே பெண்தான், முகங்கள்தான் பல; ஒருத்தி போனால் இன்னொருத்தி. பேசுவது சாத்தான் என்பதால் ஆசிரியர் தப்பிக்கலாம். ஆனால் நாவல் முழுக்கவே பெண்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். பெண் என்றால் வீடு, வீடு என்றால் சபலம், சபலம் என்றால் விட்டுவிட்டு ஏறவேண்டிய பாறை. மார்த்தாள் மாவு பிசைகிறாள், பிள்ளை பெறுகிறாள், வயதாகிறாள். விழித்ததும் அவள் இல்லாமலே போய்விடுகிறாள். அவளுக்கு ஒரு வரி அழுகைகூட மிச்சமில்லை. ஆண் கடவுளோடு மல்லுக்கட்டும்போது பெண் வெறும் களமாகக் கிடப்பது நம்மூர்த் துறவிக் கதைகளிலும் உண்டு. இவ்வளவு பெரிய எழுத்தாளரும் அதைத் தாண்டவில்லை என்பது எனக்கு வலிக்கிறது. தச்சனுக்குள் போய்ப் பார்த்தவர், யூதாஸுக்குள் போய்ப் பார்த்தவர், மார்த்தாளின் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கழுத்தளவுத் தண்ணீர் வரை போய்விட்டு வந்திருந்தாள்.

"வீட்டப் பாத்துக்கிடுதது லேசுன்னு நினைச்சிருப்பாரு" என்றாள். "அதனாலதான் அத சபலம்ங்காரு. நம்ம அம்மா செத்துப்போன வருஷம் நான் கன்னியாஸ்திரி மடத்துல சேரத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். உனக்குத் தெரியாது. உங்களயெல்லாம் விட்டுட்டுப் போறதுதான் எனக்கு அப்போ சபலம். இருந்ததுதான் சிலுவை."

இதை அவள் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது, ஆனா மடத்துப் பேரப் போடாத என்றாள்.

நாளை காலை ஏதென்ஸ் விமானம். ஹானியா துறைமுகத்துப் புத்தகக் கடையில் இவருடைய 'கேப்டன் மிகாலிஸ்' நாவலின் ஆங்கிலப் பதிப்பு இருந்தது, வாங்கிவிட்டேன். கிரீட் விடுதலைப் போர் பற்றியது. அப்பாவின் சாயலில் நாயகனை எழுதியிருக்கிறார். அதில் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.